பினாங்கிலிருந்து வந்த காது

1941 ஆகஸ்டில் நாகப்பட்டினம் துறைமுகத்தில் இறங்கிய ஒருவனுடைய வலது காது, கப்பல் கூலிகள் அதில் பீடி பற்றவைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிவந்தது. பெயர் கேட்டார்கள், ஸ்ரீரங்கம் அழகியமணவாளன் என்றான். பாஸ்போர்ட்டில் ஒரு குறையும் இல்லை. பழைய போட்டோவை ஆவியில் உரித்துத் தன் போட்டோவை ஒட்டி, முத்திரையின் விளிம்பை ஊசிமுனையால் வரைந்திருந்தான். நெற்றியில் திருமண்கூடக் கோணவில்லை. அடையாளம் என்ற கட்டத்தைப் படித்த அதிகாரி பெயரை மறுபடி கேட்டார். மூன்றாம் தடவை தலைப்பாகை கருகியது. எந்த நாட்டு ஒற்றன் என்பதைச் சர்க்கார் வெளியில் சொல்லவில்லை.

அந்தக் கட்டத்துக்கான விவரத்தை எழுதியவர் திருச்சி கலெக்டர் கச்சேரியில் பாஸ்போர்ட் மனுக்களைக் கவனித்த குமாஸ்தா செபஸ்தியான். ஆண்களுக்குத் தங்கள் முகம் தெரியாது என்பது அவர் கட்சி. தன் மோவாயில் தழும்பு இருப்பதையே மனைவி அக்னஸ் சொல்லித்தான் முப்பத்தைந்து வயதில் தெரிந்துகொண்டார். ஆகவே, கப்பலேறுகிறவர் மனைவியைக் கூட்டிவந்தால்தான் பேனாவைத் திறப்பார். 1939இல் பினாங்குக்குப் பள்ளி வாத்தியாராகப் புறப்பட்ட அழகியமணவாளன், முழங்கையில் மச்சம் என்றார்.

"மச்சம் ஊருக்கே இருக்கு. இவர் பொய் சொன்னா வலது காது செவந்துடும், அதை எழுதிக்கோங்கோ" என்றாள் அவர் மனைவி செண்பகவல்லி.

"எப்பம்மா பொய் சொல்லுவார்?"

"என் ரசத்தைப் பத்திக் கேளுங்கோ."

"பேஷா இருக்கும்" என்றார் கணவர். செபஸ்தியான் காதைப் பார்த்தார், எழுதினார். அவர் எழுதினால் எழுதியதுதான்; பாஸ்போர்ட் யார் கைக்குப் போனாலும் அந்தக் காதும் கூடவே போகும்.

ஒற்றன் பிடிபட்டதில் சர்க்காருக்குச் சந்தோஷம். கஷ்டமெல்லாம் செண்பகவல்லிக்குத்தான். பாஸ்போர்ட்டை அழகியமணவாளனே விற்றிருப்பார் என்று போலீஸ் சந்தேகித்தது. சந்தேகம் தீரும்வரை அவருக்குப் புதியது கிடையாது. பினாங்குப் பக்கம் யுத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது, கப்பல்கள் குறைந்துகொண்டே வந்தன. அவள் கணவனின் கடைசிக் கடிதத்தோடு செபஸ்தியானிடம் ஓடிவர, அவர் குடையைக்கூட எடுக்காமல் இன்ஸ்பெக்டர் அடைக்கலராஜிடம் அழைத்துப்போனார்.

இரண்டு வருஷமாகவே அழகியமணவாளனின் கடிதங்களில் பொய் வரும் இடத்தில் தாளின் வலது ஓரம் சிவந்துவிடும். செண்பகவல்லி அதைப் பழகியிருந்தாள். 'இங்கே சாப்பாட்டுக்குக் குறைவில்லை' என்ற வரிக்கு நேரே வெற்றிலைச் சாறு போலச் சிவப்பு. 'ஊர் அமைதியாக இருக்கிறது' என்ற இடத்தில் இன்னும் அடர்த்தி. 'பாஸ்போர்ட் திருட்டுப்போயிற்று, நான் விற்கவில்லை' என்ற வரிக்கு நேரே மட்டும் வடித்த சோறாக வெள்ளை. இன்ஸ்பெக்டர் விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"மையா?"

"காதுங்க சார்" என்றார் செபஸ்தியான்.

கடைசி வரியைச் செண்பகவல்லி கட்டைவிரலால் மறைத்திருந்தாள்.

"கையை எடுங்கம்மா. சாட்சியம் முழுசா இருக்கணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

எடுத்தாள். 'உன்னை நினைக்க இங்கே எனக்கு நேரமே இல்லை' என்று இருந்தது. சிவப்பு தாளின் மறுபக்கம் ஊறி, அவள் விரலிலும் ஏறியிருந்தது. அடைக்கலராஜ் கத்தரிக்கோலை எடுத்து அந்த வரியை மட்டும் ஓரத்தோடு வெட்டி அவளிடமே கொடுத்தார். மிச்சத்தைக் கோப்பில் சேர்த்தார்.

அன்றே தந்தி போயிற்று. நவம்பர் கப்பலில் அழகியமணவாளன் வந்து சேர்ந்தார். அந்தக் கோப்பில் ஒரு வரி அகலத்துக்கு ஜன்னல் இருக்கிறது; அதன் வழியே அடுத்த தாளிலுள்ள 'நபர் நம்பத்தக்கவர்' என்ற குறிப்பு தெரியும். தணிக்கைக்கு வந்த எந்த அதிகாரியும் அது ஏன் என்று கேட்டதில்லை.