தட்டில் ஒரு பித்தளை மணி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மெரிடா நகரில் ஓர் ஆய்வுக்கூடத்தில், பழைய கேணி ஒன்றிலிருந்து எடுத்த நசுங்கிய மணியைப் பார்த்தேன். யார் போட்டது என்று கேட்டேன், ஆளுக்கு ஒரு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மீதியெல்லாம் நான் கட்டுவது.

மழைக்கடவுளுக்காகக் கேணியில் எறியப்பட்ட செப்பு மணிகள் பல நூறு ஆண்டுகள்

(வேண்டாம். அருங்காட்சியகப் பலகை மாதிரி இருக்கிறது.)

2

நெய்டி சுக் பழைய உலோகங்களைச் சோதிப்பவள், அதில் டாக்டர் பட்டம் வாங்கியவள். கேணியின் அடியிலிருந்து எடுத்த மணிகளை ஒவ்வொன்றாக எக்ஸ்ரே கருவிக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் காலத்தில் மணியின் நாக்கைப் பிடுங்கி, நசுக்கித்தான் காணிக்கை போட்டார்கள். ஒரு மணியில் மட்டும் கருவி துத்தநாகம் காட்டியது. அப்படியென்றால் பித்தளை. அன்றைக்கு இங்கே பித்தளையே கிடையாது. ஆனால் அதற்கும் நாக்கைப் பிடுங்கியிருந்தது.

"மாரே! ஐயோ, அதைக் குப்பையில போட்டுடாதீங்க டாக்டர்" என்று பதறினார் ஃபிதென்சியோ. கேணியில் மூழ்கிப் பொருள் எடுப்பவர்.

"ஏன், உங்க முப்பாட்டன் போட்டதா?"

"நான் போட்டது. மக லிஸ்பெத்துக்கு ரெண்டு தடவ கலைஞ்சுபோச்சு. இதப் போட்டப்புறந்தான் வயித்துல நின்னுச்சு. நான் லீவுல இருந்தப்ப வேற எவனோ முங்கி எடுத்துட்டான்."

"தோண்டுற எடத்துல நீங்களே போட்டீங்களா? தெரிஞ்சா வேலை போயிடும்!"

"போகட்டும். திரும்பத் தண்ணியில போட்டுடுங்க."

"போட்டா நானும் மோசடிக்காரிதான்."

ஃபிதென்சியோ தட்டிலிருந்த மற்ற மணிகளைப் பார்த்தார். "இதெல்லாம் நான் எடுத்ததுதானே டாக்டர்? யார் யார் புள்ளைக்குப் போட்டதோ."



3

(கடைசி வரியை அவர் சொல்லியிருப்பாரா என்று சந்தேகம். மூன்று முறை அடித்தேன். அடித்தால் கதை நகரவில்லை.)

4

முடிவு அ: நெய்டி மணியைக் கேணியில் போடுகிறாள், குழந்தை நல்லபடியாகப் பிறக்கிறது. அப்படியானால் மணிதான் காப்பாற்றியது என்று நானே சொன்னதாகிவிடும். எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை.

முடிவு ஆ: நெய்டி நடந்ததை மேலே சொல்லிவிடுகிறாள். அந்த வாரமே லிஸ்பெத்துக்கு

(எழுத மாட்டேன். நம்பிக்கையே இல்லாத எனக்கு இதை எழுத ஏன் பயம்? குழப்பமாக இருக்கிறது.)

5

மணி நெய்டியின் மடியில். வண்டி சாலை பிரிகிற இடத்தில் நிற்கிறது. ஒரு பக்கம் கேணி, ஒரு பக்கம் அலுவலகம். போன் அடிக்கிறது.

"டாக்டர், லிஸ்பெத் வயிறு வலிக்குதுங்கறா. இன்னும் மாசம் நெறையல."

நெய்டி வண்டியைக் கிளப்பி

இந்த வாக்கியத்தை முடிக்காத வரை அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகாது. அதனால் நான் முடிக்கப்போவதில்லை. நீங்கள் முடித்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கு முன், மணியில் நம்பிக்கை இல்லை என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.