எட்டாம் மாத வீக்கம்

எட்டாம் மாதம் தொடங்கியதும் வீட்டில் எல்லோரும் அவள் வயிற்றைப் பார்த்தே பேசப் பழகிவிட்டார்கள்.

காலையில் கணவன் பல் தேய்த்த கையோடு போனைத் தூக்கிக்கொண்டு வருவான். "இந்த வாரம் நகம் விரல் நுனிவரைக்கும் வளர்ந்திருச்சாம். வெளிச்சம் பட்டா கண்ணைச் சிமிட்டுமாம்." மாமியார் அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றைத் தள்ளுவார். "குழந்தைக்காகச் சாப்பிடு." விலா எலும்புக்கடியில் ஒரு குதிகால் உதைக்கும். அவள் முகம் சுளித்தால், "பாருங்கம்மா, பந்து விளையாடுறான்!" என்று கணவன் கைதட்டுவான்.

அந்த உதை அவளுக்கும் பிடிக்கும்தான். வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆள் இல்லாத நேரத்தில், அந்தக் குதிகாலை விரலால் மெல்ல அழுத்துவாள். அது திருப்பி அழுத்தும்வரை காத்திருப்பாள்.

திங்கட்கிழமை அவள் செருப்பு காலில் நுழையவில்லை. கணவனின் செருப்பை மாட்டிக்கொண்டாள். "இப்படி வீங்கியிருக்கே" என்று மாமியாரிடம் காட்டினாள்.

"எட்டாம் மாசத்துல யாருக்குத்தான் வீங்கல? நானும் ரெண்டு பெத்தவதான்."

மறுநாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. "போன்ல பார்த்துட்டேன், சகஜம்தானாம்" என்றான் கணவன். கடை முதலாளியோ, "நின்னாலும் வீங்கும், உட்கார்ந்தாலும் வீங்கும், அதுக்காகக் கடையை மூடவா முடியும்?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார்.

வியாழன் மதியம் ஒரு பெரியவரை உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, எதிர்ச் சுவர்ப் பலகையில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னாள். பலகையின் நடுவில் மினுக் மினுக்கென்று பூச்சி பறந்தது. கண்ணைத் துடைத்தாள். போகவில்லை. கடைசி வரி கரைந்தேபோனது.

"சரியாப் படிச்சேனாம்மா?"

"தெரியலைங்க. எனக்கே எழுத்து தெரியல."

கணவனுக்குப் போன் போட்டுக் கண் மங்குவதைச் சொன்னாள். "கொஞ்ச நேரம் படு. டென்ஷன் ஆகாதே, குழந்தைக்கு ஆகாது" என்றான்.

சுருக்கென்றது. அப்ப எனக்கு மட்டும் ஆகுமா? முதலாளியிடம் அனுமதி கேட்கவில்லை. போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு, டாக்சி பிடித்து மருத்துவமனைக்குப் போனாள்.

நர்ஸ் கையில் பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்தாள். அவிழ்த்து, மறு கையில் கட்டி மறுபடியும் பார்த்தாள். சக்கர நாற்காலி எடுக்க ஓடினாள்.

தகவல் கிடைத்துக் கணவன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது, டாக்டர் கட்டிலில் கிடந்தவளைத் தாண்டி அவனிடம் பேசினார். "பிரஷர் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. குழந்தையும் வளர வேண்டிய அளவு வளரல. இன்னைக்கே ஆபரேஷன் பண்ணி எடுத்துடணும். ஏன் சார் இவ்வளவு நாள் விட்டீங்க?"

"அவ ஒண்ணும் சொல்லலையே டாக்டர்..."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்த குழாய் இழுபட்டது.

"சொன்னேன்! கால் வீங்குதுன்னு சொன்னேன். தலை வெடிக்குதுன்னு சொன்னேன். கண்ணு மங்குதுன்னு இன்னைக்கு மத்தியானம் சொன்னேன். ஒருத்தரும் காதுல வாங்கல. டாக்டர், ஆபரேஷன் எனக்குத்தானே? என்கிட்ட பேசுங்க."

வார்டே திரும்பிப் பார்த்தது. கணவனின் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. டாக்டர் கொஞ்சம் தடுமாறிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் அருகில் உட்கார்ந்தார். முதலிலிருந்து சொன்னார். அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வந்தது. கையெழுத்தையும் அவளே போட்டாள்.

பெண் குழந்தை. கோழிக்குஞ்சு போலிருந்தாலும் அழுகை மட்டும் ஊரைக் கூட்டியது. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். சில நாளில் தேறிவிடும் என்றார்கள்.

பார்க்க வந்த மாமியார், "ஒழுங்காச் சாப்பிட்டிருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"அத்தை, போதும்."

அவர் வெளியே போனார்.

"இன்னும் கோபமா?" என்று கேட்டான் கணவன்.

"ஆமா."

"எப்பத் தீரும்?"

"தெரியாது. இங்க உட்காருங்க. என்ன நடந்துச்சுன்னு முழுசாச் சொல்றேன், கேளுங்க."

அவன் உட்கார்ந்தான். அவள் திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பித்தாள். மூச்சு வாங்க அவள் நிறுத்திய இடத்தில்கூட அவன் குறுக்கே பேசவில்லை.