மணியை மட்டும் மாற்றிய பிறகு

1

இந்தக் கதை ஓர் எரிச்சலில் பிறந்தது. ஓசூரில்* சலைன் பாட்டில் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த அமீனா, நடந்ததை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "இதுல கதை எங்கங்க இருக்கு?" என்று சிரித்தார். விட மனமில்லாமல் எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரி: 'கம்ப்யூட்டர் என்னும் பூதம் ஊருக்குள் நுழைந்த 1987இல்...' வேண்டாம். பூதமெல்லாம் இல்லை. பாட்டில்களை அவித்துக் கிருமியைக் கொல்லும் பெரிய இரும்புப் பெட்டி. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று அதற்குச் சொல்ல ஒரு புரோகிராம். அவ்வளவுதான்.

(* அப்போது ஓசூர் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது.)

2

அவித்து முடிந்ததும் மணி அடிக்கும். ஷெட்டின் இரைச்சலில் அது யார் காதிலும் விழுவதில்லை. என்ஜினியர் முனிராஜ் புரோகிராமில் ஒரே ஒரு வரியை மாற்றி, மணியைக் கொஞ்சம் நீட்டி அடிக்க வைத்தார். தரப் பரிசோதனையில் இருந்த அமீனா, அதற்குப் பின் வந்த சரக்கை வெளியே விட மறுத்தார்.

"முழுசா மறுபடி சோதிக்காம கையெழுத்துப் போட மாட்டேங்க."

"மணியை மட்டுந்தாம்மா மாத்துனேன். சூட்டைத் தொடவேயில்ல."

"அது உங்களுக்குத் தெரியுங்க. மிஷினுக்குத் தெரியுமா?"

(முனிராஜை முதலில் வில்லனாகத்தான் எழுதினேன். முறுக்கு மீசைகூட வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். கெட்டிக்கார மனுஷன், அவர் சொன்னது சரியாகவும் இருக்கலாம்.)

3

சிக்கல் வெளியே இருந்தது. அந்தக் கோடையில் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் வாந்திபேதி. சலைன் ஏற்றிப் போக ஆஸ்பத்திரி வண்டியோடு டிரைவர் சென்னப்பன் வந்து நின்றார்.

"ஏம்மா, அங்க வராந்தாவுல எல்லாம் படுக்க வெச்சிருக்காங்க. நீங்க இங்க மணியப் பத்திப் பேசிட்டிருக்கீங்க."

 மாற்றத்துக்கு முன்பே தேறியிருந்த பாட்டில்களை அமீனா கொடுத்தார். பாதி வண்டிதான் நிரம்பியது. மீதியைப் பூட்டி வைத்தார். உயிருள்ள கிருமி தடவிய காகிதத் துண்டுகளைப் பெட்டியின் தட்டுதோறும் வைத்து அவித்தார். ஏதாவது பிழைத்து முளைக்கிறதா என்று பார்க்க ஒரு வாரம் ஆகும். அந்த வாரம் கேன்டீனில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. வீட்டில் படுத்தால் அந்த வராந்தா...

இதற்கு மேல் எழுதினால் அழ வைக்கப் பார்க்கிறேன் என்று ஆகிவிடும்.

4

இங்கே என் புத்தி அதன் வேலையைக் காட்டியது. ஒரு துண்டில் கிருமி பிழைத்திருந்தது, முனிராஜ் தலைகுனிந்தார் என்று ஒரு பக்கம் எழுதிக் கிழித்தேன். அப்படி நடக்கவில்லை. எல்லாத் துண்டும் சுத்தம்.

"பாத்தீங்களா?" என்றார் முனிராஜ்.

"இப்பதாங்க பாத்தேன்" என்று அமீனா கையெழுத்துப் போட்டார்.

மீதிச் சரக்கை ஏற்ற வந்த சென்னப்பனிடம், "போன வாரம் பத்தாம போச்சாங்க?" என்று கேட்டார்.

"சேலத்துல கேட்டு வாங்குனோம். சிலர் பத்துச்சுங்கறாங்க. சிலர் பத்தலைங்கறாங்க." அமீனாவின் முகத்தைப் பார்க்காமலே ஏற்றினார்.

5

மழைக்காலத்தில் முனிராஜ் தானே வந்தார். "மிஷின் அச்சடிக்கிற தாள்ல தேதி தள்ளி விழுது. புரோகிராம்ல ஒரு வரி மாத்தணும். இதுக்கும் சோதனையா?"

அமீனா சொன்ன பதிலை எழுதி, அடித்துவிட்டேன். படித்தால் அவர் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். தேதிக்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை என்று முனிராஜ் சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. போடலாமா, சொல்லுங்கள்.