அக்காவின் மூக்கு

அக்கா காபிக் கோப்பையை முகர்ந்துவிட்டு, "இப்ப டயர் எரியுதுடா" என்றாள். போன மாதம் அதில் ஒன்றுமே இல்லை. வெந்நீரும் காபியும் அவளுக்கு ஒன்றாக இருந்தன. அப்படிப் பார்த்தால் டயர் முன்னேற்றம்தான்.

சோப்புத் தொழிற்சாலையில் மணம் பார்ப்பது அவள் வேலை. மூன்று காகிதப் பட்டைகளைத் தருவார்கள். இரண்டில் ஒரே வாசனை, ஒன்றில் வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வேலை இடத்தில் அவள் சொல்லவில்லை. பக்கத்து இருக்கைக்காரி சரியான பட்டைக்கு லேசாக இருமுவாள். அதை வைத்தே வண்டி ஓடியது. கழுகு என்று பெயரெடுத்த மேலாளர் ஒருநாள், "இந்த இருமலுக்கு ஒரு மருந்து வாங்கித் தரட்டுமாம்மா?" என்று கேட்டிருக்கிறார். நாளை அக்காவுக்குத் தனி அறையில் சோதனை.

நான் இரவு வேலையை விட்டுவிட்டு அவள் வீட்டில் கிடக்கிறேன். என்னை ஆந்தை என்றுதான் கூப்பிடுவாள். அந்த மூக்கை நம்பி இரண்டு வயிறு.

"மூக்கோட உச்சியில சல்லடை மாதிரி ஒரு எலும்பு இருக்கு" என்றார் அக்காவைப் பார்த்த டாக்டர். "அந்த ஓட்டை வழியாத்தான் நரம்பு இழை மூளைக்குப் போகுது. செத்தாலும் திரும்ப முளைக்கும். சரியான இடத்துல போய்ச் சேருமான்னுதான் சொல்ல முடியாது." மண்டைக்குள் இருட்டில், வீடு மாறிக் கதவைத் தட்டும் குடிகாரனைப் போல, அந்த இழைகள் தடவித் திரிவதைக் காலை முழுக்க நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். காபி போய் டயரின் வீட்டுக் கதவைத் தட்டுகிறது.

மதியம் சமையலறை மேசையில் பயிற்சி. அவள் கொண்டுவந்திருந்த சீசாக்களில் பட்டைகளை முக்கி நீட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள். தப்பு. மறுபடியும் தப்பு. மறுபடியும்.

"குத்துமதிப்பா அடிச்சு விடுறியாக்கா?"

"அப்படி அடிச்சாக்கூட நடுவுல ஒண்ணு சரியா விழணும்டா. எனக்கு அதுவும் விழல."

நிறைய முகர்ந்தால் மூக்கு மந்தமாகிவிடும். மணம் பார்ப்பவர்கள் அப்போது தங்கள் முழங்கை மடிப்பில் மூக்கைப் புதைப்பார்கள். தன் உடம்பின் வாசனை தனக்குத் தெரியாது. எந்நேரமும் இருப்பதால் மூளை அதைத் தள்ளுபடி செய்துவிடுகிறது. ஆகவே துடைத்த பலகை மாதிரி அந்த இடம். பழக்கதோஷத்தில் அக்காவும் புதைத்தாள். தலையை எடுக்கவே இல்லை.

"டேய், இது யாரு?"

"எது யாரு?"

"இங்க யாரோ இருக்காங்கடா. உப்பு... ஈர மரம் மாதிரி. அடியில கொஞ்சம் இனிப்பு."

முகர்ந்து பார்த்தேன். "நீதான். எப்பவும் இருக்குற வாசனைதான்."

"எப்பவும்னா?"

"எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து."

"ஏன்டா சொல்லல?"

"நீ கேட்டியா?"

அவள் சிரிக்கவில்லை. "மூக்கைத் துடைக்கிற இடமே போச்சு. நாளைக்கு எதுல துடைப்பேன்?" என்றாள். பிறகு, "இன்னொரு தடவை குடு."

கொடுத்தேன். நிதானமாக முகர்ந்தாள்.

"மூணும் வேற."

"அப்படி ஒரு பதிலே கிடையாதுக்கா."

"தெரியும். ரெண்டாவது வேற சீசா. முதலும் மூணாவதும் ஒரே சீசா. ஆனா மூணாவதுல நீ இருக்கே. கை வச்சியா?"

வழிந்த சொட்டைக் கட்டைவிரலால் துடைத்திருந்தேன். பட்டைகளின் பின்பக்கக் குறிகளைத் திருப்பிப் பார்த்தேன். அவள் சொன்னபடியேதான் இருந்தன.

"கழுகுகிட்ட இதையே சொல்லுவியா?"

"அந்தாளு கையும் பட்டைல பட்டிருக்கும்ல? அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்." யோசித்தாள். "கேட்டா பைத்தியம்னு வெளிய அனுப்பிடுவான்."

பட்டைகளை மேசையிலேயே போட்டுவிட்டு எழுந்தாள். நாற்காலி முதுகை முகர்ந்தாள். துண்டை முகர்ந்தாள். பிறகு வாசல் கதவின் கைப்பிடியருகே குனிந்து, கண்களை மூடி, உள்ளே யார் யார் என்று கேட்பவளைப் போல அப்படியே நின்றாள்.