அக்காவின் சிறுநீரகமும் நான்கு நாள் நல்ல கையெழுத்தும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் அடிவயிற்றில், வலப்பக்கம், அக்கா கொடுத்த சிறுநீரகம் இருக்கும் இடத்தில் பிறந்தது. (பழைய இரண்டையும் எடுக்கவில்லை. ஓய்வுபெற்றும் நாற்காலியை விடாத அதிகாரிகள் மாதிரி உட்கார்ந்திருக்கின்றன.)

முதல் தொடக்கம்: கோட்டை மதிலில் முரசு முழங்கியது. வெள்ளணுக்கள் வாளை உருவி—

வேண்டாம். எனக்கே சிரிப்பு வருகிறது.

2

உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஒரு வாயிற்காவலர். நேர்மையானவர், கொஞ்சம் மண்டு. கிருமிக்கும் அக்காவுக்கும் வித்தியாசம் தெரியாது. “இந்த வீட்டு ஆள் இல்லையே நீ!” என்று கழுத்தைப் பிடிப்பார். அவரைத் தூங்க வைக்கத்தான் காலை எட்டுக்கும் மாலை எட்டுக்கும் மாத்திரை.

அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

“காவல்காரர் நல்லாத்தான் இருக்கார். என்னை எதுக்குடா தியாகி ஆக்கி வச்சிருக்கே? கூச்சமா இருக்கு.”

“நீ தியாகிதானே?”

“ரெண்டு இருந்துச்சு, ஒண்ணு குடுத்தேன். ஒழுங்கா வச்சுக்கோ, போதும்.”

(தியாகப் பத்தி நீக்கப்பட்டது.)

3

இங்கேதான் கதை இடறுகிறது. அந்த மாத்திரை கையை நடுங்க வைக்கும். பேனாவில் எழுதுகிறவனுக்குக் கோழிக்கிறுக்கல்தான் மிச்சம். அதனால் நம் கதாநாயகன் நான்கு நாள்—

என்ன பெரிய கதாநாயகன்! நான்தான். நான்கு நாள் மாத்திரையை நிறுத்தினேன். நடுக்கம் குறைந்தது, காவலர் விழித்துக்கொண்டார். இரண்டாம் பகுதி அந்த நாட்களில் எழுதியது. கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும்.

ஐந்தாம் நாள் கால் வீங்கியது. டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார்.

“மாத்திரையை ஏன் நிறுத்துனீங்க?”

“ஒரு கதை எழுதிட்டிருந்தேன், சார்.”

“கதை விடாதீங்க.”

“நிஜமாவே கதைதான், சார்.”

அவர் சிரிக்கவில்லை. “உங்க உடம்பு அந்தச் சிறுநீரகத்தை ஏத்துக்க மாட்டேங்குது. மூணு நாள் ஊசி போடறோம். அப்புறம் ரத்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.”

4

முடிவுகள்:

அ) சிறுநீரகம் பிழைக்கிறது. அக்காவுக்கு எதுவும் தெரியாது. (கோழைத்தனம்.)

ஆ) பிழைக்கவில்லை. ஏதோ கிருமி என்று பழிபோட்டுவிடுகிறேன். (அயோக்கியத்தனம்.)

இ)

இ வரவில்லை. மூன்றாவது ஊசி இப்போது ஏறிக்கொண்டிருக்கிறது. நாளை பரிசோதனை. சாதாரணக் காய்ச்சல்தான் என்று முழுப்பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன். அதை நம்பி, ஆஸ்பத்திரிக் கட்டில் அருகே உட்கார்ந்து, அக்கா இந்தக் கதையின் முந்தைய தாள்களைப் படிக்கிறாள். தியாகப் பத்தி போனதைப் பார்த்துச் சிரிக்கிறாள். பிடுங்கிவிடலாம். பிடுங்கவில்லை. தாளைத் திருப்புகிறாள்.

சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்குப் பயமாக இருக்கிறது. என்னைப் பார்க்காமலே, அடுத்த தாளுக்காகக் கையை நீட்டுகிறாள். மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இந்தத் தாளை நான் அவளிடம் கொடுத்தாக வேண்டும்.