வெள்ளவத்தைக் கிளாசும் இரத்மலானை வெறியும்

சரோஜினிதேவி குடித்தால் அவளுடைய கொழுந்தன் பாலசுந்தரத்துக்குத்தான் வெறிக்கும். இது முதலில் நடந்தது 2017 ஆவணியில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. வெள்ளவத்தையில் ஒரே கட்டடத்தில் அவள் மூன்றாம் மாடி, அவர் முதலாம் மாடி. அவள் கிளாசைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கை நடுங்காமல் வெண்டிக்காய் நறுக்கினாள். கள்ளின் மணம்கூட அறியாத அவர், கோயில் நிர்வாக சபைக் கூட்டத்தில் தலைவரின் மடியில் போய் இருந்தார்.

பாலசுந்தரத்தை நல்லவர் என்று யாரும் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. கப்பலில் மதுக்கூடம் பார்த்த தமையன் கிருஷ்ணராஜ் செத்த முப்பத்தோராம் நாள், பத்திரமாய் வைத்துத் தருவதாகச் சொல்லி அண்ணியின் வீட்டு உறுதிப் பத்திரத்தை வாங்கிப் போனவர், திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த வெள்ளி காலையில் மேலே வந்து, "தனிப் பொம்பிளைக்கு என்னத்துக்கு மூண்டு அறை? என்ரை மகன்ரை பேருக்கு எழுதித் தாங்கோ அண்ணி" என்றார். அவள் மாலை வரை பொறுத்திருந்தாள். புருஷனின் அலுமாரியைத் திறந்து, அவன் செய்யப் பார்த்திருந்தபடியே மன்ஹாட்டன் என்ற கலப்பு மது செய்தாள். விஸ்கி இரண்டு பங்கு, மூலிகை ஊறிய சிவப்பு வைனான வெர்மூத் ஒரு பங்கு, பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு இரண்டு சொட்டு, நிறைய ஐஸ். செரிப் பழம் இல்லாததால் சீனிப்பாகில் ஊறிய லொவிப் பழம். குலுக்கக் கூடாது, நீளக் கரண்டியால் முப்பது சுற்றுக் கலக்க வேண்டும். கிருஷ்ணராஜ் எண்ணிக் கலக்குவான். இவள் எண்ணவில்லை, சுற்றுக்கு ஒன்றாகக் கொழுந்தனைத் திட்டினாள்.

அன்றிலிருந்து ஆறு மணி தவறவில்லை. பொலிஸ் ஊதச் சொன்னால் கருவி பூச்சியம் காட்டியது, இரத்தமும் சுத்தம் என்றார்கள், ஆனால் மனுசன் நடுவீதியில் படுத்துக் கிடந்தார். கோயில் சபை அவரை நீக்கியது. பூனைக்கு விளையாட்டு, சுண்டெலிக்குச் சீவன் போகிறது. அண்ணியின் கிளாஸ்தான் காரணம் என்று கண்டுகொண்டவர், உறுதியையும் எடுத்துக்கொண்டு தெஹிவளைக்கு மாறினார். வெறி நாலு நிமிடம் பிந்தி வந்தது. கல்கிசையில் எட்டு, இரத்மலானையில் பன்னிரண்டு. ரயில் தாமதமான நாட்களில் வெறியும் தாமதமாயிற்று. அதற்கு மேல் ஓட அவருக்குத் தெம்பில்லை.

2022இல் மின்வெட்டு நீண்டபோது ஐஸ் உறையவில்லை. ஐஸ் இல்லாமல் கலப்பது புருஷனுக்குச் செய்யும் அவமரியாதை என்று அவள் விட்டுவிட்டாள். மூன்றாம் நாள் தொலைபேசி அடித்தது.

"அண்ணி, ரெண்டு நாளாய் ஒண்டும் வரேல்லை. உங்களுக்குச் சுகமில்லையோ?"

"ஐஸ் இல்லை."

"கை நடுங்குது அண்ணி. நான் ஐஸ் கொண்டு வாறன்."

ஐந்து வருடத்தில் முதல் தடவையாகச் சரோஜினிதேவிக்குச் சந்தோசம் வந்தது. "உறுதியையும் கொண்டு வாரும்" என்றாள்.

மறுநாள் ஒரு கையில் உறுதியும் மறுகையில் மீன்காரனிடம் வாங்கிய ஐசுமாக ரயிலில் வந்து இறங்கினார், பிறந்ததிலிருந்து மச்சம் மாமிசம் தொடாத மனுசன். அவள் உள்ளே கூப்பிடவில்லை. அவரைப் படியில் இருத்திவிட்டு, கண்ணாடியைப் போட்டு உறுதியை முதல் பக்கத்திலிருந்து முத்திரை வரை வாசித்தாள். அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். ஐசை மூன்று தரம் கழுவினாள். பிறகு கலக்கினாள், முப்பது சுற்றும் அவருக்குக் கேட்கும்படி. கலக்கியதைக் குடித்தாள். படியிலேயே சரிந்தவரை மகன் வந்து ஓட்டோவில் ஏற்றிப் போனான்.

வீடு கைக்கு வந்த பிறகும் அவள் திட்டை நிறுத்தவில்லை. எண்ணிக் கலக்கினால் உருசை வராது என்கிறாள். இரத்மலானையில் ஆறு பத்துக்குப் பாலசுந்தரத்தின் மருமகள் அவருக்கு விறாந்தையில் கதிரையைப் போட்டு, பக்கத்தில் ஒரு வாளியும் வைத்துவிடுகிறாள்.