சுவரில் இருபது அடி

அணைச் சுவரில் வெள்ளைப் பெயிண்டால் அடிக்கணக்கு எழுதியிருக்கும். தினமும் காலையில் அதைப் பார்த்துக் குறிப்பதுதான் அவனுடைய உத்தியோகம். அணையில் எல்லோரும் அவனை அளவுக்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீர் குறைவதைப் பார்க்கவே சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நான்தான் என்று அவனே தன்னைக் கிண்டல் செய்துகொள்வான்.

மழை அடியோடு பெய்யவில்லை என்றால்கூட மனதைத் தேற்றிக்கொள்ளலாம். பெய்தது, அதுதான் வயிற்றெரிச்சல். முன்பு மூன்று மாதம் நிதானமாகப் பெய்ததை இப்போது மூன்றே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டு, மலை மண்ணையெல்லாம் அணைக்குள் உருட்டித் தள்ளிவிட்டு, அப்புறம் இரண்டு வருடம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

சுவரில் இருபத்திரண்டு அடி காட்டிய அன்று என்ஜினியர் அவனைக் கூப்பிட்டார்.

“டர்பைனை ஓட்டினா இன்னும் ஒரு மாசம் கரண்ட் கொடுக்கலாம். ஆனா குடிக்கத் தண்ணி மிஞ்சுமா? நீ சொல்லுப்பா.”

அவனுக்கு உடனே அக்காள் புருஷன் நினைவுதான் வந்தது. மாமாவின் இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரி மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்தால்தான் உயிர் தங்கும். அதற்குக் கரண்டும் வேண்டும், ஒவ்வொரு தடவையும் ஒரு டிரம் தண்ணீரும் வேண்டும். கரண்டுக்கு ஜெனரேட்டர் இருக்கிறது, தண்ணீருக்கு எங்கே போவது என்று அவன் கணக்குப் போட்டான்.

“நிறுத்திடலாம் சார். மேல் மதகு வத்தினாலும் கீழ் மதகுக்கு மேல இருபது அடி நிக்கும். ரெண்டு மாசம் ஊருக்குத் தாங்கும்.”

டர்பைன் நின்றது. ஊர் இருண்டது. ஜனங்கள் வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அக்காள் மட்டும், “என் தம்பி சொல்லித்தான் தண்ணிய நிறுத்தி வெச்சிருக்காங்க” என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

பதினோராம் நாள் மேல் மதகு வற்றியது. பல வருடமாகத் தொடாத கீழ் மதகை நாலு பேர் சேர்ந்து திறந்தார்கள். குழாய் முக்கியது, முனகியது, பிறகு கறுப்புச் சேறாகக் கக்கியது. ஒரு மணி நேரம் ஆகியும் சேறுதான். மதகே மண்ணுக்குள் புதைந்து கிடந்தது. சுவர் காட்டிய இருபது அடியில் மேலாக ஒரு முழம்தான் தண்ணீர், அதிலும் செத்த மீன் மிதந்தது.

வருடத்துக்கு ஒரு தடவை படகில் போய், கயிற்றில் இரும்புக் குண்டைக் கட்டி இறக்கி, மண் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆறு வருடத்துக்கு முன் படகு ஓட்டையாகிவிட்டது. வேறு படகு கேட்டு எழுதினான், வரவில்லை. ‘சென்ற ஆண்டு அளவே’ என்று ஆறு வருடமும் எழுதிக் கையெழுத்துப் போட்டவன் அவன்தான். மிஞ்சிப் போனால் வருடத்துக்கு ஒரு சாண் ஏறும், அவ்வளவுதானே என்று இருந்துவிட்டான். பழைய மழைக்கு அது சரி. பாவி, இந்த மழைக்கு அந்தக் கணக்குப் போட்டானே.

மத்தியானம் மாமா போன் செய்தார். பேசும்போதே மூச்சு வாங்கியது.

“மாப்ளே, இங்க டிரம் காலி. நாளைக்கு எனக்கு முறை. தண்ணி எப்ப வரும்னு உங்க அக்கா நச்சரிக்கிறா.”

சுற்றியிருக்கிற ஊர்களும் காய்ந்து கிடந்தன, லாரி அனுப்ப ஆளில்லை. அடுத்த மழைக்காலத்துக்கே இன்னும் நான்கு மாதம். மெஷின் இல்லாவிட்டால் பத்து நாள் தாங்குவதே பெரிது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

“வராது மாமா. உள்ள எல்லாம் மண்ணு. நான்தான் பாக்காம தப்பா எழுதிட்டேன்.” அவன் அழுதுவிட்டான்.

மாமாவுக்குப் பக்கத்தில், “என்னங்க, எப்ப வருமாம்?” என்று அக்காள் கேட்பது காதில் விழுந்தது.

“சாயங்காலத்துக்குள்ள வந்துடுமாம்” என்றார் மாமா.